சர்வர் மௌனமானால் யாரை உள்ளே விடுவது?

வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்ற பெரிய நிறுவனங்களில் நெட்வொர்க் கேபிளை மடிக்கணினியில் செருகிய உடனே இணைப்பு கிடைத்துவிடாது. கேபிளின் மறுமுனையில் இருக்கும் சுவிட்ச், வந்திருப்பது யார் என்று முதலில் கேட்கும். கணினி தன் பெயரையும் கடவுச்சொல்லையுமோ ஒரு சான்றிதழையோ காட்டும். அதைப் பரிசீலிக்கும் வேலை சுவிட்சுடையதல்ல. வேறோர் இடத்தில் இருக்கும் அங்கீகார சர்வருக்கு அதை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை, கேபிள் செருகிய வாயிலான போர்ட்டை மூடியே வைத்திருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஐஇஇஇ அமைப்பு 2001இல் வகுத்த தரநிலையின் பெயர் 802.1எக்ஸ். சுவிட்சும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழியான ரேடியஸ் அதைவிடப் பழையது. தொலைபேசிவழி இணையம் இருந்த 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் நிறுவனம் அதை உருவாக்கியது. இன்றும் புழங்கும் அதன் வரையறை 2000இல் ஆர்எஃப்சி 2865 என்ற ஆவணமாக வெளிவந்தது.

சர்வரிடமிருந்து வரக்கூடிய தீர்ப்பு இரண்டுதான்: ஏற்பு, மறுப்பு. நடைமுறையில் மூன்றாவதாக ஒன்றும் நேர்கிறது. சர்வர் பதிலே சொல்வதில்லை. மின்சாரம் போயிருக்கலாம், சாலையைத் தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்திருக்கலாம், மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு சர்வர் எழாமல் கிடக்கலாம். வாசலில் நிற்பவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்ல ஆளில்லாத அந்த நேரத்தில் சுவிட்ச் என்ன செய்ய வேண்டும் என்பதை ரேடியஸ் வரையறை விதிக்கவில்லை. முடிவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அந்த முடிவை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். சுவிட்ச் தொழிற்சாலையிலிருந்து எந்த அமைப்போடு வந்ததோ அதுவே கொள்கையாக நிற்கும். பொதுவாக அந்த அமைப்பு, கதவை மூடியே வைப்பதுதான்.

மறுப்பையும் மௌனத்தையும் பிரித்தறிவதில் தொடங்குகிறது சிக்கல். மறுப்பு ஒரு செய்தியாக வரும். மௌனத்தை ஊகித்துத்தான் அறிய வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு சர்வர் இல்லை என்று முடிவுகட்டுவது? ரேடியஸை வடிவமைத்தவர்கள் இதை யோசித்தே, காத்திருப்பதையும் மறுபடி அனுப்புவதையும் தானே முடிவுசெய்யும் டிசிபி முறையை விட்டுவிட்டு, அவற்றைப் பயன்படுத்துபவரிடமே விடும் யுடிபி முறையைத் தேர்ந்தார்கள். உள்ளே வர விரும்புபவர் சில விநாடிகள் பொறுப்பார், சில நிமிடங்கள் பொறுக்க மாட்டார். முதல் சர்வர் பேசாவிட்டால் உடனே இரண்டாவதைக் கேட்க வேண்டும். அந்தக் கடிகாரம் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் வேலை நிர்வாகியுடையது. சிஸ்கோ சுவிட்சுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் இயல்பான கணக்கு, ஒரு கேள்விக்கு 5 விநாடி, பதில் வராவிட்டால் மேலும் 3 முறை. ஒரு சர்வருக்கு 20 விநாடி ஆகிறது. இரண்டு சர்வர்கள் இருந்து இரண்டும் விழுந்திருந்தால் 40 விநாடி. அதற்குள் கணினி ஐபி முகவரி கேட்டு அலுத்து, தானே ஓர் உதவாத முகவரியைச் சூட்டிக்கொண்டிருக்கும்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. செத்த சர்வர் என்று ஒருமுறை முடிவான பிறகு, குறிப்பிட்ட நிமிடங்களுக்கு அதைக் கேட்காமல் ஒதுக்கிவைக்கும் வசதி சுவிட்சில் இருக்கிறது. பல சாதனங்களில் அந்தக் காலம் இயல்பாகவே பூஜ்யம். அதாவது ஒவ்வொரு ஊழியரும் கேபிளைச் செருகும்போது சுவிட்ச் அதே செத்த சர்வரை முதலிலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது சர்வர் நல்ல நிலையில் இருந்தும் அலுவலகமே மந்தமாகிப்போவது இப்படித்தான். ஒதுக்கிவைக்கும் காலத்தைச் சில நிமிடங்களாக வைத்து, இடையிடையே ஒரு சோதனைப் பெயரை அனுப்பி சர்வர் எழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வதே நல்ல வழக்கம். சோதனைப் பெயருக்கு மறுப்பு வந்தாலும் கவலையில்லை. மறுக்க ஆள் இருக்கிறது என்பதே வேண்டிய செய்தி.

மௌனம் எப்போதும் மரணத்தின் அடையாளம் என்றும் சொல்ல முடியாது. சுவிட்சுக்கும் சர்வருக்கும் பொதுவான ரகசியச் சொல் ஒன்று உண்டு. தனக்குத் தெரியாத, அதாவது ரகசியச் சொல் பதிவாகாத, முகவரியிலிருந்து வரும் கேள்வியைச் சத்தமில்லாமல் தூக்கியெறிய வேண்டும் என்பது ரேடியஸ் விதி. புதிய சுவிட்சைப் பொருத்தியவர் அதை சர்வரில் பதிய மறந்தால், சர்வர் நலமாக இருந்தும் அந்தச் சுவிட்சுக்கு மட்டும் செத்ததாகத் தெரியும். இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். அங்கீகார சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஊழியர் பட்டியல் இருக்கும் டைரக்டரி சர்வர் விழுந்துவிட்டது. அப்போது பெயரைத் தேடிக் கிடைக்காத அங்கீகார சர்வர் என்ன சொல்லும்? பரவலாகப் பயன்படும் ஃப்ரீரேடியஸ் மென்பொருளில், தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் மறுப்பு போகும். சுவிட்சின் கண்ணில் அது முறையான தீர்ப்பு. அவசரகால ஏற்பாடுகள் எவ்வளவு கவனமாகச் செய்துவைத்திருந்தாலும் ஒன்றும் விழித்துக்கொள்ளாது. நிறுவனத்தின் மொத்த ஊழியர்களும் அன்று ஆள்மாறாட்டக்காரர்களாக நடத்தப்படுவார்கள். டைரக்டரியை எட்ட முடியாதபோது பதிலே சொல்லாதே என்று அங்கீகார சர்வருக்குக் கட்டளையிட வழி இருக்கிறது. ஃப்ரீரேடியஸில் அதற்கென்றே ஒரு விதி உண்டு. சிஸ்கோவின் ஐஎஸ்இ போன்ற வணிகப் பொருள்களில், கடவுச்சொல் தவறினால் ஒரு நடவடிக்கை, தேடலே தோற்றுப்போனால் வேறொரு நடவடிக்கை என்று பிரித்துக் கொடுக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல சர்வருக்குக் கற்றுக்கொடுக்கும் இந்தச் சிறு வேலை, புதிய சர்வர் வாங்குவதைவிட அதிகப் பயன் தரும். செய்கிறவர்கள் குறைவு.

உலகப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் எடுரோம் வைஃபை ஏற்பாட்டில் இந்த மயக்கம் விரிந்த அளவில் தெரியவந்தது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தோன்றிய இந்தச் சேவையை இந்தியாவில் கல்வி, ஆய்வு நெட்வொர்க்கான எர்நெட் நடத்துகிறது. ஒரு பல்கலைக்கழகத்து ஆய்வாளர் வெளிநாட்டு வளாகம் ஒன்றுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தால், அவரைப் பற்றிய கேள்வி அங்கிருந்து தேசிய சர்வர் வழியாக அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வரும். அந்தச் சொந்த சர்வர் பேசாவிட்டால், நடுவில் இருக்கும் தேசிய சர்வரும் சொல்வதற்கு ஏதுமின்றி நிற்கும். விருந்தளிக்கும் வளாகமோ, தேசிய சர்வரே செத்துவிட்டதாக எண்ணி அதை ஒதுக்கிவைக்கும். எங்கோ ஒரு கல்லூரியில் ஒரு சர்வர் விழ, அதற்குச் சம்பந்தமே இல்லாத விருந்தினர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். அடுத்த சர்வரிடம் நேராக "இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்கும் தனிச் செய்தி ஒன்றை 2010இல் ஆர்எஃப்சி 5997 வரையறுத்ததற்கு இத்தகைய குழப்பங்களே பின்னணி.

சர்வர் உண்மையிலேயே இல்லை என்று உறுதியான பிறகு சுவிட்சுக்கு முன்னால் சில வழிகள் இருக்கின்றன. ஜூனிப்பர் சுவிட்சுகள் அவற்றைக் கிட்டத்தட்டப் பாடப்புத்தகம்போல வரிசைப்படுத்துகின்றன: மறுத்துவிடு, அனுமதித்துவிடு, ஏற்கெனவே பெற்ற அனுமதியைத் தொடரவிடு, குறிப்பிட்ட ஒரு வி-லேனுக்குள் (அதே சுவிட்சுகளில் தனியாகப் பிரித்துவைத்த நெட்வொர்க் பகுதிக்குள்) அனுப்பு. சிஸ்கோ உலகில் கடைசி வழிக்கு கிரிட்டிக்கல் வி-லேன் என்று பெயர்.

இவற்றில் விவாதமே இல்லாமல் ஏற்க வேண்டியது மூன்றாவது. காலையில் முறையாக அங்கீகாரம் பெற்று வேலை செய்துகொண்டிருப்பவரை, மணிக்கொரு முறை நடக்கும் மறுபரிசீலனையின்போது சர்வர் பேசவில்லை என்பதற்காக வெளியே தள்ளுவதில் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை. அவர் ஒரு மணி நேரத்துக்கு முன் யாராக இருந்தாரோ அவராகவே இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. விண்டோஸ் கணினிகள் இதே தர்க்கத்தில்தான் இயங்குகின்றன: டொமைன் சர்வரை எட்ட முடியாவிட்டாலும், அந்தக் கணினியில் கடைசியாக உள்நுழைந்த 10 பேர் வரை நினைவில் வைத்து உள்ளே விடுவது அவற்றின் இயல்பான அமைப்பு. மைக்ரோசாஃப்ட் தன் மேகச் சேவைக்கு உருவாக்கிய மாற்று அங்கீகார ஏற்பாடும் அப்படியே. முதன்மைச் சேவை விழுந்தால், அண்மையில் அந்தச் செயலியைப் பயன்படுத்தியவருக்கு மட்டும் அனுமதியைப் புதுப்பித்துத் தரும். முற்றிலும் புதியவர் காத்திருக்க வேண்டும். நேற்றுவரை அறிமுகமானவருக்கும் இன்றுதான் முகம் காட்டுபவருக்கும் வேறுபாடு காட்டுவது நியாயமான நடுவழி.

புதிதாக வருபவரை என்ன செய்வது என்பதில்தான் கருத்து பிளவுபடுகிறது. எல்லோரையும் விட்டுவிடலாம் என்பார் அலுவலக மேலாளர். யாரையும் விடக்கூடாது என்பார் பாதுகாப்பு அதிகாரி. பாதுகாப்பு அதிகாரியின் வாதத்தில் சாரம் இருக்கிறது. சர்வர் மௌனமானால் கதவு திறக்கும் என்று தெரிந்தால், சர்வரை மௌனமாக்குவதே தாக்குபவரின் முதல் வேலையாகிவிடும். கேள்விகளை அள்ளி வீசி சர்வரைத் திணறடிக்கலாம். கிளை அலுவலகமாக இருந்தால் வெளியே போகும் கேபிளைப் பிடுங்கினாலே போதும். மேலாளரின் வாதமும் பொய்யல்ல. மருத்துவமனையில் மருந்தேற்றும் கருவியும் நோயாளிக் கண்காணிப்புத் திரையும் நெட்வொர்க்கில் இருக்கும்போது, மூடிய போர்ட்டே அபாயம் ஆகிறது. மின்பூட்டுப் போட்ட கதவுகளில் மின்சாரம் போனால் தானே திறந்துகொள்வது ஒரு வகை, பூட்டியே நிற்பது இன்னொரு வகை. தீவிபத்தில் மக்கள் தப்பும் வழிக்கு முதல் வகையும் பணப்பெட்டக அறைக்கு இரண்டாம் வகையும் பொருத்துவார்கள். ஒரு கட்டடத்துக்கு ஒரே வகைப் பூட்டு என்று யாரும் முடிவெடுப்பதில்லை. நெட்வொர்க்கிலும் போர்ட்டுக்குப் போர்ட் முடிவு மாற வேண்டும். அறுவைச் சிகிச்சை அரங்கின் போர்ட் திறந்துகொள்ளட்டும். வரவேற்பறையிலும் கூட்ட அறையிலும் இருக்கும், யார் வேண்டுமானாலும் கேபிள் செருகக்கூடிய போர்ட் மூடியே கிடக்கட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட பெரும்பாலான மேசைகளுக்குக் கட்டுப்பாடுள்ள கிரிட்டிக்கல் வி-லேன் போதும்: மின்னஞ்சல், அன்றாட வேலைக்கான செயலிகள், அச்சுப்பொறி உண்டு, சம்பளப் பட்டியலும் சர்வர் நிர்வாகமும் கிடையாது.

காகிதத்தில் அழகாக இருக்கும் இந்தக் கிரிட்டிக்கல் வி-லேன் நிஜத்தில் தடுக்கி விழும் இடங்கள் பல. முதலாவது ஐபி முகவரி. ஒரு கணினி பழைய வி-லேனில் முகவரி வாங்கி உட்கார்ந்திருக்கும்போது, சுவிட்ச் சத்தமில்லாமல் போர்ட்டை வேறு வி-லேனுக்கு மாற்றினால் கணினிக்கு அது தெரியாது. பழைய முகவரியை வைத்துக்கொண்டு புதிய தெருவில் யாரும் பதில் சொல்லவில்லையே என்று விழித்துக்கொண்டிருக்கும். அதனால் முடிந்தவரை ஊழியர்களின் வழக்கமான வி-லேனையே அவசரகால வி-லேனாகவும் வைத்து, கட்டுப்பாட்டை ஃபயர்வாலில் செய்வது நல்லது. இரண்டாவது, அணுகல் பட்டியல். அங்கீகாரத்துக்கு முன் முகவரி கேட்பது, பெயர் தேடுவது போன்ற சிலவற்றை மட்டும் அனுமதிக்கும் பட்டியலைப் போர்ட்டில் பூட்டி, அங்கீகாரம் ஆனபின் சர்வர் அனுப்பும் விரிவான பட்டியலால் அதைத் தளர்த்துவது பல நிறுவனங்களின் முறை. சர்வரே இல்லாதபோது விரிவான பட்டியல் எங்கிருந்து வரும்? போர்ட் திறந்திருப்பதாகச் சுவிட்ச் சொல்லும். கணினிக்கு முகவரியும் கிடைக்கும். ஒரு பக்கமும் திறக்காது. அவசரநிலைக்கான பட்டியல் ஒன்றைச் சுவிட்சிலேயே எழுதிவைத்தால்தான் இது தீரும்.

மூன்றாவது தொலைபேசி. மேசையில் இருக்கும் ஐபி தொலைபேசி, தான் குரல் சாதனம் என்ற தகுதியை சர்வரிடமிருந்தே பெறுகிறது. கணினிகளுக்கு மட்டும் அவசர ஏற்பாடு செய்துவிட்டுத் தொலைபேசியை மறந்த அலுவலகத்தில், சர்வர் விழுந்த நேரத்தில் மின்தடையால் சுவிட்சும் அணைந்து எழுந்திருந்தால், 112ஐ அழைக்கவும் மேசைத் தொலைபேசி உதவாது. குரலுக்கென்று தனிக் கட்டளை ஒன்று சேர்க்க வேண்டும். ஒரு வரிதான்.

கம்பி நெட்வொர்க்கில் செய்வதை வைஃபையிலும் செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், முடியாது. சுவிட்சின் போர்ட் என்பது திறக்கவோ மூடவோ கூடிய வாயில். நிறுவன வைஃபையில் ஒவ்வொருவருக்கும் தனி மறையாக்கத் திறவுகோல் உண்டு. அங்கீகார உரையாடலின்போது கணினியும் சர்வரும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. சர்வர் தன் பிரதியை வைஃபை கருவிக்கு அனுப்புகிறது. சர்வர் இல்லையென்றால் திறவுகோல் இல்லை, திறவுகோல் இல்லாமல் பேச்சும் இல்லை. தாராள மனத்தோடு திறந்துவிட நினைத்தாலும் திறப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஏற்கெனவே இணைந்தவர்கள் திறவுகோல் நினைவில் இருக்கும்வரை ஓட்டலாம். மற்றவர்களுக்கு, கிளையிலுள்ள வைஃபை கட்டுப்பாட்டுக் கருவியிலேயே சிறிய அங்கீகார சர்வர் ஒன்றை ஓடவிடுவது மட்டுமே உருப்படியான வழி. பகிர்ந்த கடவுச்சொல்லோடு ஒரு வைஃபையை "அவசரத்துக்கு" என்று வைத்திருப்பதும் நடக்கிறது. அந்தக் கடவுச்சொல் ஒரு மாதத்தில் தேநீர்க் கடைவரை போய்விடும்.

வீட்டு இணையத்திலும் இதே பிரச்சினை வேறு முகத்தோடு வருகிறது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறை அகல்பட்டைச் சேவைகளின் பின்னாலும் ரேடியஸ் சர்வர்தான் நிற்கிறது. அது விழுந்தால், ஏற்கெனவே இணைந்திருப்பவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. மோடத்தை அணைத்துப் போட்டவர்கள் மட்டும் திரும்ப இணைய முடியாமல் தவிப்பார்கள். இணையம் சற்று மெதுவானதும் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லும் வாடிக்கையாளர் சேவையின் நிரந்தர அறிவுரை, அன்றைக்கு மட்டும் இருந்த இணைப்பையும் பறித்துவிடும்.

ஊழியர்களைவிட முக்கியமாக உள்ளே போக வேண்டியவர்கள், கோளாறைச் சரிசெய்யும் பொறியாளர்கள். சுவிட்சுக்குள் நுழைய அவர்களும் ஒரு அங்கீகார சர்வரைத்தான் நம்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது ரேடியஸ் போன்ற இன்னொரு மொழியான டாகாக்ஸ் பிளஸில் பேசும். சர்வர் பேசாவிட்டால் சுவிட்சிலேயே பதிந்துள்ள உள்ளூர்க் கணக்கை ஏற்றுக்கொள் என்று எல்லோரும் எழுதிவைப்பார்கள். உள்ளே நுழைந்தபின் ஒவ்வொரு கட்டளைக்கும் தனியாக சர்வரின் அனுமதி கேட்கும் அமைப்பு இருந்தால், அதற்கும் அதே விதிவிலக்கை எழுத வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகும். விளைவு, கதவு திறந்து உள்ளே போன பொறியாளர் எந்தக் கட்டளையும் செல்லுபடியாகாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல்லும் சிந்தனைக்குரியது. அதை இணையத்தில் இருக்கும் கடவுச்சொல் பெட்டகத்தில் வைத்து, பெட்டகத்துக்கும் அதே அங்கீகார சர்வரைக் காவல் வைத்தால் பயனில்லை. உறையிலிட்டு ஒட்டி இரும்புப் பெட்டியில் வைக்கும் பழைய முறையை ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

ஃபேஸ்புக் இதை உலகறியக் கற்றது. 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரத்துக்கு மேல் மறைந்தன. பொறியாளர்கள் தொலைவிலிருந்து உள்ளே நுழையப் பயன்படுத்தும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில் இருந்தன. தரவு மையங்களுக்கு நேரில் போனவர்களுக்குப் பாதுகாப்பு நடைமுறைகளைக் கடக்கவே நேரம் பிடித்தது. அந்நிறுவனத்தின் உள்கட்டமைப்புத் தலைவர் சந்தோஷ் ஜனார்தன் பின்னர் எழுதிய விளக்கத்தில், அந்தக் கடுமையான பாதுகாப்பே மீட்பைத் தாமதப்படுத்தியது என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் அன்றாடப் பாதுகாப்புக்கு ஈடாக அரிதாக நேரும் அந்தத் தாமதத்தை ஏற்கலாம் என்றும் வாதிட்டார். அவர் முடிவோடு ஒத்துப்போகாதவர்கள்கூட ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: அங்கே மூடிய கதவு ஒரு முடிவின் விளைவு, மறதியின் விளைவல்ல.

2020 டிசம்பர் 14 அன்று கூகுளுக்கு நேர்ந்ததும் இதே இனம். பயனர் அடையாளச் சேவைக்கான சேமிப்பு ஒதுக்கீட்டைக் கணக்கிடும் தானியங்கி ஏற்பாடு, பயன்பாடு பூஜ்யம் என்று தவறாகக் கணக்கிட்டு ஒதுக்கீட்டைக் குறைத்தது. தரவு புதுப்பிக்கப்படாமல் பழசானது. பழைய தரவை நம்பி அனுமதி கொடுக்கக் கூடாது என்பதற்காக, அத்தகைய தரவைக் கண்டால் மறுத்துவிடும்படி அந்தச் சேவை வடிவமைக்கப்பட்டிருந்தது. இந்திய நேரப்படி அன்று மாலை 47 நிமிடங்கள் ஜிமெயிலும் யூடியூபும் உலகெங்கும் படுத்தன. கணக்கிலிருந்து வெளியேறி, பெயர் சொல்லாமல் யூடியூபுக்குப் போனவர்களுக்குப் படம் ஓடியது.

இரண்டு சர்வர் வைத்திருக்கிறோம் என்று நிறுவனங்கள் ஆறுதல் கொள்வதுண்டு. இரண்டும் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே டைரக்டரியை நம்பி, ஒரே நாளில் காலாவதியாகும் சான்றிதழோடு இருந்தால் அது ஒரு சர்வர்தான். மெய்நிகர் இயந்திரங்களாக அவற்றை ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்த இயந்திரங்களைத் தாங்கும் கணினி இணைந்திருக்கும் போர்ட்டும் 802.1எக்ஸ் கேட்கிறதா? கேட்டால், தரவு மையம் முழுதும் ஒருமுறை இருண்டு விடியும்போது சர்வர் எழப் போர்ட் திறக்க வேண்டும், போர்ட் திறக்க சர்வர் எழ வேண்டும்.

சர்வர் திரும்பி வரும் நேரமும் ஆபத்தானது. அவசரகால அனுமதியில் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான போர்ட்டுகளும் ஒரே நொடியில் மறுபடி அங்கீகாரம் கேட்டால், எழுந்த சர்வர் அந்தச் சுமையில் மீண்டும் படுக்கும். போர்ட்டுகளை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கவைக்கும் வசதி சுவிட்சுகளில் உண்டு. சர்வர் வந்ததும் மறுபரிசீலனை செய் என்ற கட்டளையே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே ஒருநாள் அவசரத்தில் கிடைத்த அனுமதி, கேபிளைப் பிடுங்கும்வரை நீடிக்கும்.

இவை எதையும் ஆவணத்தைப் படித்து உறுதிசெய்ய முடியாது. விடுமுறை நாள் ஒன்றில், முன்னறிவிப்போடு, ஒரு கிளையின் சுவிட்சுகளிலிருந்து இரண்டு அங்கீகார சர்வர்களுக்கும் போகும் பாதையை அடைத்துப் பார்க்க வேண்டும். டைரக்டரியை மட்டும் நிறுத்தி இரண்டாவது முறையும் பார்க்க வேண்டும். எந்தப் போர்ட் திறந்தது, எது மூடியது, தொலைபேசி ஒலித்ததா, பொறியாளரால் கட்டளையிட முடிந்ததா என்று எழுதி, தலைமை நிர்வாகியிடமும் பாதுகாப்பு அதிகாரியிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகை நடத்தாத மருத்துவமனையை அனுமதிக்காத நாம், இந்த ஒத்திகை நடத்தாத மருத்துவமனையைப் பற்றிக் கேள்விகூடக் கேட்பதில்லை. கேட்கத் தொடங்க வேண்டும்.